நிலத் தகராறும் ஊர் அமைதியும்: ஜப்தி செய்த தோட்டத்துக்குக் கெடு எங்கே?

ஏற்காட்டுச் சிறு விவசாயி கேட்டது:

வணக்கம். சட்டம் படித்தவர்களும் வருவாய்த் துறையில் பணியாற்றியவர்களும் இங்கே இருப்பதால் இந்தக் கேள்வியை எழுப்புகிறேன். சேர்வராயன் மலையில் நான் இருக்கும் கிராமத்தில், என் தோட்டத்தை ஒட்டிய காப்பிக் காடு ஒன்றின் எல்லை பற்றி இரண்டு பங்காளிக் குடும்பங்களுக்கு இடையே பல காலமாகத் தகராறு இருந்து வருகிறது. சென்ற பருவத்தில் பழம் பறிக்க ஆள் இறங்கிய அன்று அது கைகலப்பாக முற்றியது. காவல் துறையினர் இரு தரப்பின் மீதும் வழக்குப் பதிந்து, பொது அமைதிக்குப் பங்கம் நேரும் என்று நிர்வாக நடுவருக்கு (நடுவர் அதிகாரம் கொண்ட கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற வருவாய் அதிகாரி) அறிக்கை அனுப்பினார்கள். அவர் நிலத்தை ஜப்தி செய்து, இரு தரப்பாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவை நான் குறை சொல்லவில்லை. அது வராமல் போயிருந்தால் அன்றைக்கே உயிர்ச் சேதம் ஆகியிருக்கும் என்பதுதான் ஊரில் பேச்சு.

என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. விசாரணை வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போகிறது. ஒரு முறை அதிகாரி வேறு பணியில் இருக்கிறார், இன்னொரு முறை அளவை அறிக்கை வரவில்லை, மற்றொரு முறை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவகாசம் கேட்கிறார். இதற்கிடையில் பழுத்த பழம் செடியிலேயே கறுத்துக் காய்ந்து, பாதி தரையில் உதிர்ந்து கிடக்கிறது. பறிக்காமல் விட்ட பழத்தில்தான் காய்த்துளைப்பான் வண்டு பெருகும் என்பது காப்பி பயிரிடும் எவருக்கும் தெரியும். இந்தப் பருவத்தில் என் செடியில் பறித்த பழத்தை விரலில் உருட்டிப் பார்த்தால், காம்புக்கு எதிர்ப்புறத்து நுனியில் ஊசி குத்தியதைப் போன்ற துளை தெரிகிறது. சண்டை அவர்களுடையது, நட்டம் என்னைப் போன்ற பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் சேர்த்து.

நாங்கள் சில சிறு விவசாயிகள் கூடி, மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். யார் பக்கம் நியாயம் என்பதை எழுதப்போவதில்லை. இத்தகைய விசாரணையின் நடைமுறையை எப்படித் திருத்தலாம் என்பதை மட்டும் எழுத விரும்புகிறோம். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, கெடு என்று ஏதேனும் உண்டா, இல்லாவிட்டால் எதைக் கேட்பது பயனுள்ளதாக இருக்கும் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

ஐயா, நீங்கள் குறிப்பிடும் நடவடிக்கை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145, 146 ஆகிய பிரிவுகளின் கீழ் நடந்து வந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே பிரிவுகள் 164, 165 என்ற எண்களில் இருக்கின்றன. வழிப்பாதை, தண்ணீர் போன்ற அனுபவ உரிமைகளுக்கான பழைய 147 இப்போது 166. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான். ஒன்றரை நூற்றாண்டுப் பழைமை கொண்ட ஒரு நடைமுறையைத் திருத்தக் கிடைத்த நல்ல வாய்ப்பு, எண்ணை மாற்றியதோடு நின்றுவிட்டது.

முதலில் ஓர் அடிப்படை. இந்த விசாரணையில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே இடமில்லை. நடுவர் முதல் உத்தரவைப் பிறப்பித்த நாளில் நிலம் உண்மையில் யார் கைவசம் இருந்தது என்பதை மட்டுமே அவர் பார்க்க வேண்டும். அப்படி ஒரு தரப்பின் சுவாதீனம் நிரூபணமானால், சட்டப்படி வெளியேற்றப்படும் வரை அவர்களே அனுபவிக்கலாம், மற்றவர் இடையூறு செய்யக் கூடாது என்று உத்தரவிடுவார். பாத்தியதையைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. இது அமைதியைக் காப்பதற்கான உத்தரவே அன்றி உரிமையைத் தீர்மானிப்பதன்று என்பதை உச்ச நீதிமன்றம் 1959இல் பிங்கா எதிர் சரண் சிங் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது.

இப்போது கெடுவுக்கு வருகிறேன். அதற்கும் முந்தைய 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1955இல் ஒரு திருத்தம் வந்தது. கட்சிக்காரர்கள் ஆஜரான நாளிலிருந்து, இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் நடுவர் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும், யார் சுவாதீனத்தில் இருந்தார்கள் என்று அவரால் முடிவுக்கு வர இயலாவிட்டால் வழக்குச் சுருக்கத்தை எழுதி உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், அந்த நீதிமன்றம் இயன்றவரை மூன்று மாதங்களுக்குள் விடை சொல்ல வேண்டும் என்றும் அது வகுத்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் எடுக்கப்பட்டுவிட்டன. நீதிமன்றத்துக்கு அனுப்பும் முறையால் வழக்கு இரு இடங்களில் அலைந்தது என்ற குறைபாடு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்தக் குறையை நீக்கும்போது கெடுவையும் சேர்த்து எடுத்ததற்கு நான் எந்தக் காரணத்தையும் காணவில்லை.

இதே சட்டத்தில் அமைதியைக் காப்பதற்கென்று இருக்கும் மற்ற அதிகாரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரடங்கு போன்ற தடையுத்தரவு, பழைய 144, இன்றைய 163, இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. மாநில அரசு நீட்டித்தாலும் மேற்கொண்டு ஆறு மாதம்தான். நன்னடத்தைப் பிணை கேட்கும் விசாரணை ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால், சிறப்புக் காரணம் எழுதப்பட்டிருந்தால் ஒழிய, தானே முடிவுக்கு வந்துவிடும். மனிதனின் நடமாட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்துக்கெல்லாம் கெடு வைத்த சட்டம், அவனுடைய நிலத்தைப் பூட்டி வைக்கும் அதிகாரத்துக்கு மட்டும் கெடு வைக்கவில்லை. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜப்தியைப் பற்றியும் ஒரு சொல். மூன்று நிலைகளில்தான் அதைச் செய்யலாம்: அவசர நிலை, இரு தரப்பாரும் சுவாதீனத்தில் இல்லை என்ற முடிவு, அல்லது யார் சுவாதீனத்தில் இருந்தார்கள் என்று தீர்மானிக்க இயலாமை. அமைதி கெடும் என்ற அச்சம் வேறு, அவசர நிலை வேறு என்று அசோக் குமார் எதிர் உத்தரகண்ட் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. அவசரம் கருதி ஜப்தி செய்துவிட்டதால் நடுவரின் வேலை முடிந்துவிடாது, சுவாதீன விசாரணையை அவர் தொடர்ந்து நடத்தியே ஆக வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டு மதுராலால் எதிர் பன்வர்லால் தீர்ப்பு. நடைமுறையில், ஜப்தி ஆனதும் சத்தம் அடங்கிவிடுகிறது. சத்தம் அடங்கியதும் கோப்பு அடியில் போய்விடுகிறது.

பழத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. தகராறுக்குட்பட்ட நிலத்தின் விளைச்சல் விரைவில் இயல்பாகக் கெட்டுப்போகக் கூடியது என்று நடுவர் கருதினால், அதைப் பாதுகாக்கவோ விற்கவோ உத்தரவிடலாம் என்று 164(8) சொல்கிறது. 165(2) ரிசீவரை, அதாவது நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளரை, நியமிக்கவும் இடம் தருகிறது. கட்சிக்காரர் கேட்டால்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே பக்கத்துத் தோட்டக்காரரான நீங்கள் வண்டுத் தாக்குதலைப் படங்களோடு தெரிவித்து ஒரு மனு கொடுத்தால், அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு அவர் பறிப்புக்கு ஏற்பாடு செய்யலாம். வழக்கு முடியும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற வருவாய் அலுவலர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சரியாகச் சொன்னார். ஆத்தூர், ஓமலூர் வட்டங்களில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து, நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருந்தவனாகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் நீதிபதிகள் அல்லர். தேர்தல், வெள்ள நிவாரணம், பட்டா மாறுதல் மேல்முறையீடு, சாதிச் சான்று, நில எடுப்பு, முக்கியப் பிரமுகர் வருகை ஆகிய எல்லாவற்றுக்கும் இடையில்தான் இந்த விசாரணை நடக்கிறது. சாட்சியத்தைப் பதிவு செய்யப் பயிற்சி பெற்ற எழுத்தர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே கெடு விதித்தால் மட்டும் போதாது. கெடு நெருங்கும் நேரத்தில் இரண்டு பக்க உத்தரவொன்றை அவசரமாக எழுதி, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சுவாதீனம் என்று முடித்துவிடுவார்கள். அது பழைய நிலையை விட மோசம். பட்டா என்பது வரி செலுத்துபவரின் பதிவு. நிலத்தில் யார் உழுதார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு ஓரளவுக்குச் சாட்சியாகும், அதுவும் கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் (வருவாய் ஆண்டிலும்) நேரில் போய்ப் பார்த்து எழுதியிருந்தால். பல இடங்களில் சென்ற ஆண்டுப் பதிவையே இந்த ஆண்டும் படியெடுத்து வைப்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

மலையில் இது இன்னும் சிக்கலானது. சமவெளியில் வரப்பு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. காப்பிக் காட்டில் எல்லை என்பது ஒரு வரிசைக் கல்யாண முருங்கையாகவோ, ஓடையோரத்து ஒற்றைப் பாறையாகவோ இருக்கும். புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) கையில் வைத்துக்கொண்டு சரிவில் சங்கிலி பிடிக்கும்போது, கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இருக்காது. தாத்தா காலத்தில் நட்ட சில்வர் ஓக் மரத்தைக் காட்டி இரு தரப்பாரும் அதுவே தங்கள் கடைசி மரம் என்பார்கள். இத்தகைய இடத்தில் உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தகராறு நடந்த சில நாட்களுக்குள் நேரில் போவதுதான். செடிக்கு யார் கவாத்து செய்தார்கள், மிளகுக் கொடியை யார் ஏற்றிக் கட்டினார்கள், கூலி யார் கொடுத்தார்கள் என்பது அந்தச் சில நாட்களில் ஊரில் எவரைக் கேட்டாலும் தெரியும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு சாட்சிப் பட்டியல் தயாராகியிருக்கும்.

ஆகவே நான் கேட்கும் திருத்தம், தீர்ப்புக்குக் கெடு விதிப்பதற்கு முன்னால், தல ஆய்வுக்குக் கெடு. 164இன் கீழ் முதல் உத்தரவு பிறந்த ஏழு நாளுக்குள், நடுவரோ அவர் அனுப்பும் கீழ்நிலை நடுவரோ, நில அளவரோடும் கிராம நிர்வாக அலுவலரோடும் இடத்துக்குப் போய், இரு தரப்பார் முன்னிலையில் பார்த்ததை எழுதி, அங்கேயே கையொப்பம் வாங்கி, புகைப்படத்தோடு கோப்பில் சேர்க்க வேண்டும். இப்படி ஒருவரைத் தல விசாரணைக்கு அனுப்ப இப்போதைய 167ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்பதுதான் அங்கே சொல்லப்படவில்லை.

இரண்டாவதாக, சமாதானக் கூட்டம். வட்டாட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பாரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசி, நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எத்தனையோ சண்டை ஓய்ந்திருக்கிறது. நானே பல கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். ஆனால் 164ஆம் பிரிவு சொல்லும் உத்தரவாக அந்தக் குறிப்பு ஆகாது. அதை மீறினால் நடவடிக்கை எடுக்க முடியாது, அதை எதிர்த்துச் சீராய்வுக்கும் போக முடியாது. மாதக் கணக்கில் கூட்டம் போட்டுக்கொண்டே இருந்தால், பறிகொடுத்தவரின் காலம் கரைந்துபோகும். ஒரு முறை பேசிப் பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் அடுத்த வேலை நாளே முறையான உத்தரவு வர வேண்டும்.

ஜப்தி செய்யும் உத்தரவிலேயே விளைச்சலை என்ன செய்வது என்ற பத்தியும் இருக்க வேண்டும் என்பதை வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் நவம்பரிலிருந்து வரத் தொடங்கும், அது முடிவதற்குள் மிளகு வந்துவிடும். பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்காவிட்டால் புளித்துவிடும். ஆகவே ரிசீவர் என்று நியமித்தால், பறிக்க ஆளும் தோல் உரிக்கும் பல்ப்பர் எந்திரமும் உலர்களமும் உள்ள ஒருவரையே நியமிக்க வேண்டும். மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தை இதற்குப் பயன்படுத்தலாம். அலுவலக உதவியாளரைக் காவலுக்கு வைப்பதால் பழம் பாதுகாக்கப்படாது.

வாழப்பாடி வாசகி எழுதியது:

இரண்டு பெரியவர்களும் அதிகாரியின் கோணத்திலிருந்தும் நீதிமன்றத்தின் கோணத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். சண்டையை மூட்டுகிறவனின் கோணத்திலிருந்தும் ஒரு முறை பார்க்க வேண்டும். பத்திரமும் இல்லை, சுவாதீனமும் இல்லை, ஆனால் ஆள் பலம் இருக்கிறது என்ற நிலையில் உள்ள ஒருவனுக்கு இந்த நடைமுறை எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். அவன் பத்துப் பேரோடு போய்க் கலாட்டா செய்தால் போதும். காவல் துறை இரு தரப்பின் மீதும் வழக்குப் போடும். நிலம் ஜப்தியாகும். முதல் நாள் வரை அந்த நிலத்தில் உழைத்துப் பிழைத்தவர் வெளியே நிற்பார். அவனுக்கு இழப்பு எதுவும் இல்லை, ஏனென்றால் அவன் கையில் முதலிலேயே எதுவும் இல்லை. வருமானம் இல்லாமல் ஒரு வருடம் போனால், உழைத்தவரே வந்து பாதி விலைக்குப் பேசித் தீர்த்துக்கொள்வார். குச்சிக்கிழங்குக் காட்டிலும் இதுதான் நடக்கிறது, மாந்தோப்பிலும் இதுதான் நடக்கிறது.

எனவே செலவுத் தொகையைப் பற்றியும் கேளுங்கள். சாட்சிச் செலவு, வழக்கறிஞர் கட்டணம் உட்பட யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட 167ஆம் பிரிவே நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்திய உத்தரவை நான் பார்த்ததில்லை. ஜப்திக் காலத்தில் இழந்த விளைச்சலின் மதிப்பையும் அதில் சேர்த்தால், ஆள் திரட்டி வருகிறவன் இரண்டு முறை யோசிப்பான்.

மற்றொன்று, பெண்களின் பங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. ஆனால் கல்யாணமாகி வேறு ஊர் போனவளின் சுவாதீனத்தை எந்தக் கிராம நிர்வாக அலுவலர் எழுதப் போகிறார்? அண்ணன் கையில் அடங்கல், அண்ணன் பெயரில் மின் இணைப்பு, அண்ணன் கொடுத்த கூலி. அவள் போய்ப் பங்கு கேட்டால், அவளால் அமைதி கெடுகிறது என்று அறிக்கை போகும். கூட்டுப் பங்காளிகளுக்கு இடையிலான தகராறு பாகப்பிரிவினை வழக்கில்தான் தீர வேண்டும், 164இல் இழுக்கக் கூடாது என்பதை நடுவர் முதல் உத்தரவிலேயே பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஐயா சொன்ன எல்லைத் தகராறு கூடப் பங்காளிக் குடும்பங்களுக்குள்தானே? அங்கே பாகப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

மலைக் கிராமச் சட்ட மாணவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். எங்கள் மக்களின் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், காவல் அறிக்கையோ வேறு தகவலோ நடுவருக்குக் கிடைத்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டிருந்தால், அவர் இன்னும் சுவாதீனத்தில் இருப்பதாகவே நடுவர் கருதலாம் என்று 164(4)இன் காப்பு வாசகம் சொல்கிறது. பழைய 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது உத்தரவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தகவல் கிடைத்த தேதியாக மாற்றியது. நல்ல திருத்தம்தான். ஆனால் மாரமங்கலத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பம், மலைப் பாதையில் இறங்கிக் காவல் நிலையத்துக்குப் போய், மனு ரசீது வாங்கி, அங்கிருந்து அறிக்கை கிளம்பி நடுவர் மேசைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் எளிதில் ஓடிவிடும். காவல் நிலையத்தில் மனு கொடுத்த நாளே கணக்குக்கு உரிய நாள் என்று திருத்தம் வேண்டும். அதுவரை எங்கள் பகுதியில் நான் எல்லாருக்கும் சொல்வது, காவல் நிலையத்தில் கொடுக்கும் அன்றே அதே மனுவை நடுவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்பதுதான். சட்டம் வேறு தகவலையும் ஏற்கிறது, காவல் அறிக்கைக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, பழங்குடியினர் சம்பந்தப்பட்ட எல்லாத் தகராறையும் இரு தரப்புச் சச்சரவாக மட்டும் பார்க்கக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகிய கூறுகளின்படி, அச்சமூகத்தைச் சேராத ஒருவர் எங்கள் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதும், எங்களை அதிலிருந்து வெளியேற்றுவதும், பயிரை அழிப்பதும் குற்றம். அந்தக் குற்றத்தை அமைதிப் பங்கம் என்ற பெயரில் 164க்கு மாற்றி அனுப்பினால், குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினரின் பாதுகாப்புக்காக அரசமைப்பு வகுத்த ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், மலை நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பும் எங்களுக்குக் கிடையாது. இருக்கும் ஒரு சட்டத்தையாவது ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும்.

விசாரணையைக் கீழே சமவெளியில் வைக்காமல் ஏற்காட்டிலேயே வைக்க வேண்டும் என்பதையும் மனுவில் சேருங்கள் அண்ணா. சாட்சி சொல்ல வருகிறவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார்; வாய்தா தள்ளிப்போனால் அடுத்த முறை அவர் வரமாட்டார். புதிய சட்டத்தின் 530ஆம் பிரிவு விசாரணையை மின்னணு முறையில் நடத்தவும் இடம் தருகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு காணொலி இணைப்பு இருந்தால் வயதானவர்களின் சாட்சியத்தை அங்கேயே பதிவு செய்யலாம்.

ஏற்காட்டுச் சிறு விவசாயி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாழப்பாடி அம்மா கேட்டது சரிதான்: பாகப்பத்திரம் பதிவாகியிருக்கிறது, ஆனால் அதில் எல்லையை நான்கெல்லையாக மட்டும் எழுதியிருக்கிறார்கள், அளவு இல்லை. விளைச்சல் பற்றிய மனுவை இந்த வாரமே கொடுக்கிறேன். பொது மனுவில் ஒரு ஐயம் இருக்கிறது. இந்த விசாரணைகளை நிர்வாக நடுவரிடமிருந்து எடுத்து நீதித்துறை நடுவரிடமோ முன்சீப் நீதிமன்றத்திடமோ கொடுத்துவிட வேண்டும் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர், காவல் துறை உயர் அதிகாரிக்கே இந்த அதிகாரத்தைத் தந்துவிட்டால் வேகமாக முடியும் என்கிறார்கள். எதை எழுதுவது?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

காவல் துறை என்ற யோசனையை மனுவிலிருந்து அறவே நீக்கிவிடுங்கள். அமைதி கெடும் என்று அறிக்கை தருகிறவரும் அவரே, அறிக்கையை எடை போடுகிறவரும் அவரே என்றால் விசாரணை என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் வழங்கிய தமிழ்நாடு அரசின் அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. அது நன்னடத்தைப் பிணை நடவடிக்கைகள் தொடர்பான வழக்கு என்றாலும் காரணம் இங்கேயும் பொருந்தும். புதிய சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிகளைச் சிறப்பு நிர்வாக நடுவர்களாக நியமிக்க இடம் தந்திருப்பதால், அந்தக் கதவை நாமே போய்த் தட்ட வேண்டாம்.

முழுவதையும் நீதிமன்றத்துக்கு மாற்றுவது கேட்பதற்கு நன்றாக இருக்கும். நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற அரசமைப்பின் 50ஆம் கூறுக்கும் ஒத்துவரும். ஆனால் ஓய்வுபெற்ற அலுவலர் ஐயா சொன்ன தல ஆய்வு நீதிமன்றத்தில் அவ்வளவு விரைவாக நடக்காது. இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரை வக்கீல் கமிஷனராக நியமித்து, அவர் போய், அறிக்கை வந்து, அதற்கு ஆட்சேபணை வந்து, பிறகுதான் அடுத்த வாய்தா. நிலமும் ஆவணமும் ஆளும் வருவாய்த் துறையிடம் இருக்கின்றன. சாட்சியத்தை எடைபோடும் பயிற்சி நீதித்துறையிடம் இருக்கிறது. ஆகவே முதல் கட்டத்தை வருவாய்த் துறையிடமே விட்டுவிட்டு, அதற்குக் கண்டிப்பான கெடு விதித்து, கெடு முடிந்தால் கோப்பு தானாக முன்சீப் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே இடைக்கால மனுவாக எண்ணிடப்பட வேண்டும் என்று கேளுங்கள். 1955ஆம் ஆண்டு ஏற்பாட்டில், முடிவெடுக்க இயலவில்லை என்று நடுவர் தாமாக அனுப்பினால்தான் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் கேட்பதில் அவர் அனுப்ப வேண்டியதே இல்லை, தேதி வந்ததும் போய்விடும். பழைய குறை திரும்ப வராமல் இருக்க, நீதிமன்றத்தின் விடை மறுபடி நடுவரிடம் வரக் கூடாது, அதுவே அமலாக வேண்டும் என்றும் சேருங்கள்.

உரிமையியல் வழக்கு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த நீதிமன்றமே இடைக்கால உத்தரவு தரக் கூடிய நிலையில், 145இன் கீழ் இணையாக ஒரு நடவடிக்கை தேவையில்லை என்று ராம் சுமேர் புரி மகந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை அறிந்தே சிலர், நடுவர் முன் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவசரமாக ஒரு வழக்கைப் போட்டு விசாரணையை நிறுத்தப் பார்க்கிறார்கள். முதல் உத்தரவுக்குப் பின் தொடுக்கப்பட்ட வழக்கு, அதில் இடைக்கால உத்தரவு ஏதும் பெறப்படாத வரை, நடுவரின் விசாரணையை நிறுத்தாது என்று தெளிவுபடுத்தினால் அந்தச் சந்து அடைபடும்.

கடைசியாக, யாரிடம் எதைக் கேட்பது என்பது. குற்றவியல் நடைமுறை மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக் கூடிய, அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இரண்டாவது இனம். எனவே தமிழ்நாடு சட்டமன்றமே இந்தப் பிரிவுகளுக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். அரசமைப்பின் 254(2)ஆம் கூறின்படி அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். கெடு, தானாக மாற்றம், இரண்டு மாதக் கணக்கு, விளைச்சல் இழப்பு ஆகியவை சட்டத் திருத்தத்தால்தான் ஆகும் என்பதால் அவற்றைச் சட்டமன்ற உறுப்பினருக்கான மனுவில் எழுதுங்கள். ஆட்சியருக்கான மனுவில் அவற்றை எழுதினால், தம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று ஒரு வரிப் பதிலோடு முடித்துவிடுவார்கள். அவரிடம், மாவட்ட நடுவர் என்ற முறையில் நிர்வாக நடுவர்களுக்கு இடையே வேலையைப் பங்கிட அவருக்கு இருக்கும் அதிகாரத்தை ஒட்டி, மூன்றை மட்டும் கேளுங்கள்: நிலுவையில் உள்ள 164, 165 கோப்புகளின் மாதாந்தரப் பட்டியல், மலை வழக்குகளுக்கு ஏற்காட்டில் முகாம் விசாரணை, ஜப்தி செய்யும் ஒவ்வொரு உத்தரவிலும் விளைச்சலுக்கான பத்தி. உங்கள் ஊர் வழக்கின் எண்ணையோ கட்சிக்காரர்களின் பெயரையோ இரண்டு மனுவிலும் குறிப்பிடாதீர்கள். குறிப்பிட்டால், நிலுவையில் உள்ள விசாரணையில் ஒரு தரப்புக்காகப் பேசுவதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடும்.